ஒரே காது விதி

காதக்கா என்று சொன்னால்தான் அந்த அலுவலகத்தில் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார். ஐம்பத்து மூன்று வயது. உயரம் கொஞ்சம், வாய் நிறைய. அந்த வாயைக் கட்டிப்போட்டு வைக்கிற வேலையாகப் பார்த்து அவளுக்கு வாய்த்தது. பறவைகளைக் காதால் கேட்டு எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. ஆற்றோரக் காட்டில் இலைகள் அடைத்துக்கொண்டு நிற்கும். பத்துப் பறவையில் ஒன்று கண்ணில் பட்டால் பெரிய விஷயம். மீதி ஒன்பதும் குரலாகத்தான் வந்து சேரும்.

ஆறு ஒன்றுதான். அது ஓடுகிற நிலம் மூன்று வகை. குளிர்ந்த மலையில் பிறந்து, வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் அடிவாரக் காட்டுக்குள் இறங்கி, கடைசியில் வறண்ட சமவெளியில் மெலிந்து போகிறது. மூன்று பகுதியிலும் கரையோரமாக இருபது இடம், கரையை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருபது இடம் குறித்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மரத்துக்கு வெள்ளைச் சாயத்தில் வளையம். காதக்கா அந்த மரத்தடியில் போய் நிற்பாள். அவள் வந்த சத்தத்தில் மிரண்ட பறவைகள் அடங்க இரண்டு நிமிடம். அப்புறம் சரியாகப் பத்து நிமிடம், காதில் விழுந்ததையெல்லாம் தாளில் வரைந்த வட்டத்துக்குள் குறிப்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் மலை, ஒரு மாதம் அடிவாரம், ஒரு மாதம் சமவெளி.

அடிவாரத்தில் கரைக்கும் உள்காட்டுக்கும் அப்படியொன்றும் வித்தியாசம் கிடையாது. எங்கும் ஈரம், எங்கும் பறவை. சமவெளியில் கதையே வேறு. கரையோரம் அறுபது வகை கேட்கும். ஒரு கிலோமீட்டர் நடந்து முள்காட்டுக்குள் போனால் பத்தொன்பது. ஆற்றை ஒட்டி நிற்கும் அந்த ஒல்லியான மரவரிசைதான் அங்கே உள்ள ஜீவன்களுக்கு வீடு, கடை, நிழல் எல்லாம். சாலையை அகலப்படுத்த அந்த வரிசையிலுள்ள அத்தி மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் எண் போட்டாகிவிட்டது. எண் விழுந்த மரம் என்றால் வெட்டப்போகிற மரம் என்று அர்த்தம்.

மலைப் பகுதியிலும் மரம் வெட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இரண்டில் ஒரு இடத்தில் மட்டும் வெட்டை நிறுத்துகிறோம், எது என்று உங்கள் எண்ணிக்கையை வைத்து நீங்களே சொல்லுங்கள் என்று அரசாங்கக் குழு கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம். ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் அறிக்கையை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார். மலைதான் என்று எழுதியிருந்தார்.

காரணம், ஊசிகள். மலைக்கரையில் மெல்லிய குரலில் பாடும் ஐந்து வகைச் சின்னக் குருவிகளுக்கு அலுவலகத்தில் மொத்தமாக வைத்த பெயர் அது. பிடித்து உள்ளங்கையில் வைத்தால் ஒரு நெல்லிக்காய் கனம்கூட இருக்காது. குரலும் அவ்வளவே, காற்றில் ஊசி ஏற்றுவதுபோல. ஆரம்ப வருஷங்களில் ஒரு சுற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் எழுதியிருந்தாள் காதக்கா. பிறகு இருபத்திரண்டு, பதினொன்று. நடுவில் ஒரு வருஷம் காலிக் கட்டம். போன வருஷம் இரண்டு, இந்த வருஷம் பூஜ்யம். மலை சூடேறுகிறது, குளிரை நம்பிப் பிழைத்தவை போய்விட்டன என்றார் டாக்டர். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். காதக்கா அன்றைக்கு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. சமவெளி அத்தி மரங்களை நினைத்தும் அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கும்போது ஆசைக்கு அங்கே என்ன வேலை என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அவர் அதே அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறார். மனைவியைப் பதினோரு வருஷமாகக் காடு காடாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவள் எண்ணி முடிக்கும்வரை ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்குவது அவர் உத்தியோகம். பறவைகளில் அவருக்குத் தெரிந்தது காக்கா, காக்கா இல்லாதது என்று இரண்டே வகை. காய்ச்சல் என்றால் மனுஷன் உலகமே முடிந்துபோனதுபோல் படுத்துக்கொள்வார். காதக்கா தெர்மாமீட்டரை அவர் நாக்குக்கு அடியில் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கையை ஆட்டினார்.

"பேசாம இருங்க. இன்னும் அடிக்கல."

அவர் கண்ணை உருட்டினார். மறுபடி கையை ஆட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துப் போர்வைக்குள் தள்ளினாள். கடைசியில் அவரே தெர்மாமீட்டரைப் பிடுங்கி எடுத்தார்.

"எப்பவோ அடிச்சு ஓஞ்சு போச்சு. இன்னும் எவ்வளவு நேரம் வாயில வெச்சுக்கிட்டுக் கிடக்கணும்?"

"எங்க அடிச்சுது? நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."

"பத்து தடவை கீ கீன்னு கத்துச்சு."

பேட்டரி போயிருக்கும் என்றாள். போயிருந்தால் எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்றார் அவர். அவள் தெர்மாமீட்டரைக் கழுவித் தன் வாயில் வைத்துக்கொண்டு, அதன் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தபடி காத்திருந்தாள். எண் ஏறியது, நின்றது, கண் சிமிட்டியது. "இதோ, இப்ப கத்துது" என்றார் அவர் படுக்கையிலிருந்து. அவள் அதை எடுத்து வலது காதோடு ஒட்டிவைத்தாள். அப்புறம் இடது காது. எங்கேயோ கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் அறுவதுபோல் என்னவோ இருந்தது. அதுவும் கேட்டதா, கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஊசி இல்லை, மீசை.

மீசை அவளோடு வேலை பார்த்த எண்ணிக்கைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதக்கா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது, மலைச் சுற்றை அவர்தான் போய் எண்ணினார். கால் சரியாகி வந்தவள் அவருடைய தாள்களைப் புரட்டினாள். ஊசி மட்டும் நாற்பத்தொன்று. முந்தின வருஷம் அவள் எழுதியது பதினொன்று. ஒரே வருஷத்தில் அத்தனை குருவி வானத்திலிருந்தா குதிக்கும்? மனுஷன் ஆசைப்பட்டு இல்லாததை எழுதியிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. ஊரெல்லாம் தெரியும்படி அதைச் சொன்னாள். அவள் வாய் அப்படி. "நான் கேட்டதைத்தான் எழுதினேன்" என்றார் மீசை. அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே ஒப்புக்கொண்டதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே காது விதி அவளே போட்டது. ஆளுக்கு ஆள் காது மாறும், அதனால் மூன்று நிலத்தையும் ஒரே ஆள்தான் எண்ண வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்று ஆரம்பத்திலேயே சண்டை பிடித்து வாங்கிய விதி. அதைக் காட்டித்தான் மீசையின் நாற்பத்தொன்றையும் அடித்தாள். அடிப்பதற்கும் ஒரு விதி உண்டு. அழிக்கக் கூடாது, சிவப்பு மையில் ஒற்றைக் கோடு, கீழே எழுதியது படிக்கும்படி இருக்க வேண்டும், ஓரத்தில் அடித்தவர் கையெழுத்து. நாற்பத்தொரு கோடு, நாற்பத்தொரு கையெழுத்து. அந்த வருஷக் கட்டம் காலியாக நின்றது. மீசையை நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டதும் வீட்டுக்காரரைக் கிளப்பினாள்.

"எங்க?"

"மலைக்கு. இன்னிக்கு நீங்க தூங்கக் கூடாது."

பொழுது புலரும்போது ஏழாம் இடத்தில் இருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. செருப்பு வழுக்குகிறது, அட்டை கடிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பல். வளையம் போட்ட மரத்தடியில் அவரை நிறுத்தி, மெல்லிசாக ஊசி குத்துகிற மாதிரி எந்தச் சத்தம் கேட்டாலும் விரலைத் தூக்குங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றாள்.

"அந்தக் கீச்சுச் சத்தமா? அது எப்பவும் இருக்குமே. நான் தூங்குறதே அதைக் கேட்டுக்கிட்டுத்தான்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம். அப்புறம் பத்து நிமிடம்.

ஆற்றின் சத்தம் கீழே. இடது பக்கம் ஒரு மரங்கொத்தி. தூரத்தில் புறா. குக்குறுவான் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவள் எழுதினாள். பக்கத்தில் அவர் விரல் எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது, வேறு திசையைக் காட்டி. அவளுக்கு அந்தத் திசையில் இலைதான் இருந்தது. எட்டாவது முறை விரல் எழுந்தபோது அவள் விதியை மீறித் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து அந்தக் கிளையைத் தேடினாள்.

அங்கே இருந்தது. கட்டைவிரல் அளவு பச்சை, கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. அலகு திறந்திருந்தது. தொண்டை துடிதுடித்தது. உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு அது பாடிக்கொண்டிருந்தது, அவள் காதுக்கு ஒன்றுமே வரவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். போகவில்லை, இங்கேதான் இருக்கின்றன, கள்ளக் கழுதைகள் எல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கின்றன! நான்கு வருஷம் துக்கம் காத்த வீட்டில் செத்துப்போனவர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் எப்படி இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வழிந்து முடிவதற்குள் மற்றது வந்தது. சமவெளியில் குயிலும் கிளியும் மைனாவும், எல்லாம் தடித்த குரல். அவை அவள் காதுக்குத் தப்பவில்லை. அடிவாரத்திலும் அப்படித்தான். மெல்லிய குரல்கள் கூடி வாழும் இடம் மலை ஒன்றுதான், காணாமல் போனவையும் அங்கேதான். மலைக்கு வந்ததாக நினைத்த வியாதி அவளுக்குத்தான் வந்திருந்தது. அதற்கு ஒரு மனுஷனைப் பொய்யன் ஆக்கியாகிவிட்டது.

"பதினாலு தடவை தூக்கினேன்" என்றார் அவர், நேரம் முடிந்ததும். தப்பாக ஏதும் செய்துவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, குறைச்சலா?"

"நிறைய" என்றாள். அவர் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அவர் அட்டை கடித்த காலைச் சொறியாமல் அப்படியே நின்றார்.

மதியம் டாக்டர் அறையில் மேஜை முழுக்க அறிக்கையின் பிரதிகள், அட்டை போட்டுத் தயாராக. டாக்டருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவள் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காதக்கா, கூட்டத்துக்கு மூணு நாள்தான் இருக்கு. இப்ப வந்து சொல்றீங்க."

"எனக்கே இன்னிக்குத்தான் உறுதியாச்சு, டாக்டர்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் சொல்ல மாட்டார். யோசிச்சுப் பாருங்க. மலைக்குப் பாதுகாப்பு கிடைக்கப்போகுது. கிடைச்சா காட்டுக்குத்தானே கிடைக்குது, நம்ம வீட்டுக்கா கொண்டுபோறோம்? நீங்களும் உங்க வேலையில இருக்கலாம்."

காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். விடியற்காலையில் வளையம் போட்ட மரத்தடியில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் தவிர அவளுக்கென்று பெரிதாக வேறொன்றும் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டால் அவள் வெறும் வாய்தான். இன்னும் ஐந்து வருஷம் தடித்த குரல்களை எழுதிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது.

"சமவெளியில அறுபது வகை நிக்குது, டாக்டர்" என்றாள். "மரத்துல நம்பர் போட்டாச்சு. அதை விட்டா அதுங்களுக்குப் போக்கிடம் இல்ல. மலையில இருக்கிறதுங்க நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் கேக்கல."

டாக்டர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"மலைக்கு வேற எண்ணிக்கை எதுவும் நம்மகிட்ட இல்லையே. எதை வெச்சு மாத்துறது?"

"இருக்கு. மீசை எழுதினது. ஒத்தைக் கோடுதான் போட்டிருக்கேன், அப்படியே படிக்கலாம்."

"அடிச்ச தாளு எப்படிச் செல்லும்?"

"அடிச்ச கையே திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டா செல்லும். அதுவும் விதியில இருக்கு."

"அது மட்டும் போதாது. வியாழக்கிழமைக்குள்ள மலையில அஞ்சு இடம், சமவெளியில அஞ்சு இடம் அவர் காதால மறுபடி எண்ணணும். அவர் வந்தா அறிக்கையை மாத்துறேன். வரலைன்னா மலைன்னுதான் போகும், என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது." கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க?"

"ஒரே காதுதானே விதி. அவர் காது இருக்கட்டும்."

சொல்லும்போது குரல் சரியாகத்தான் வந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மீசையின் பழைய தாள்கட்டோடு நடந்தாள்.

நாற்றுப் பண்ணை அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் செடி. மீசை ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். மீசை பாதி நரைத்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு மறுபடி செடியைப் பார்த்தார். அவளிடம் தாள்கட்டு இருந்தது.

வருகிற வழியில் எப்படியெப்படியோ சுற்றி வளைத்துச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தாள். வாய்க்குப் பேர்போனவளுக்கு அந்த நேரத்தில் அதில் ஒரு வரிகூட நினைவில்லை.

"என் காது போயிடுச்சுண்ணே" என்றாள். "ஊசி எல்லாம் இருக்கு. எனக்குத்தான் கேக்கல. அப்பவும் கேட்டிருக்காது. நீங்க எழுதினது சரி. நான் உங்களை எல்லார் முன்னாடியும் பொய்யன்னு சொன்னேன்."

மீசை ஒரு பையிலிருந்து அடுத்த பைக்குக் குழாயை நகர்த்தினார். அந்த வரிசை முடியும்வரை தண்ணீர் ஊற்றினார். அவளும் நின்றாள். நிற்பதற்குப் பழகிய கால்தான், ஆனால் அவ்வளவு நீளமான நேரம் அவள் எந்த மரத்தடியிலும் நின்றதில்லை.

"ரெண்டு வருஷம்" என்றார் கடைசியில். "என் பெண்ணே கேட்டா. அப்பா, நிஜமாவே நீங்க சேர்த்து எழுதினீங்களான்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சமவெளி மரங்களைப் பற்றியும், டாக்டர் கேட்டதைப் பற்றியும், வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னாள். நீங்கள் வராவிட்டால் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது என்றும் சொன்னாள்.

"முதல்ல அதை எழுதுங்க" என்றார் மீசை, தாள்கட்டைக் காட்டி.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அட்டை, அட்டைமேல் முதல் தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவருடைய நிமிர்ந்த எழுத்து அப்படியே இருந்தது; இடம், நேரம், திசை, தூரம். ஓரத்தில் அவளுடைய கையெழுத்து, கோபத்தில் போட்டது, வால் நீண்டு. அதற்குப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, மறுபடி கையெழுத்திட்டாள். அடுத்தது. அடுத்தது. பத்தாவதில் விரல் வலித்தது. இருபதில் தாள் ஈரமானது, பந்தலிலிருந்து சொட்டியதா அவளிடமிருந்து சொட்டியதா என்று அவள் பார்க்கவில்லை. மீசை அவளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், "தேதி விட்டுப்போச்சு" என்றார். அவள் போட்டாள்.

முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினாள். "நாப்பத்தொண்ணு" என்றாள். "சரியா இருக்கா பாருங்க."

"எழுதினது நாப்பத்தொண்ணு. கேட்டது நாப்பத்திரண்டு."

அவள் நிமிர்ந்தாள்.

"பதினெட்டாம் இடத்துல கடைசி நிமிஷம் ஒண்ணு கேட்டுது" என்றார் மீசை. "அது புதுசா, இல்ல முதல்ல பாடினதே இடம் மாறிப் பாடுதான்னு சந்தேகம். அதனால எழுதாம விட்டேன்."

காதக்கா அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். பதினெட்டாம் இடம். அங்கே மூன்று குறி, மூன்றின் மேலும் அவளுடைய சிவப்புக் கோடு, பக்கத்தில் மை காயாத மூன்று 'இருக்கட்டும்'. நான்காவதுக்கு இடம் இருந்தது, வெறுமையாக. இந்த ஆளைத்தான் அவள் சேர்த்து எழுதுகிறவன் என்று சொல்லியிருந்தாள். அவளால் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மீசை போய்க் குழாயைத் திருகி மூடினார். ரப்பர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"காலையில எத்தனை மணிக்கு ஜீப்?" என்று கேட்டார்.